கண்ணிவெடி தேடும் நடை ரோபோ: ராமநாதபுரம் கடற்கரை மணலில் சோதிப்பவர்களுக்கு அடிக்கடி எழும் கேள்விகள்

வெடிமருந்து துளியும் இல்லாத போலி இலக்குகளை மணலில் புதைத்து, அவற்றைக் காலால் நடக்கும் ரோபோவைக் கொண்டு தேடிப் பார்க்க விரும்பும் கல்லூரி அணிகளுக்காகவும் பட்டறைகளுக்காகவும் இதை எழுதுகிறோம். "நம்ம கரையில இது எதுக்கு?" என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கும் இதில் பதில் உண்டு.

நம் கடற்கரையில் கண்ணிவெடி இருக்கிறதா?

இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்ணிவெடி புதைத்த நிலம் எதுவும் கிடையாது. ஆனால் பழைய வெடிபொருள் தட்டுப்படவே தட்டுப்படாது என்றும் இருந்துவிட முடியாது. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, பல்லாண்டுகளுக்கு முன் புதைத்து வைத்த தோட்டாப் பெட்டிகள் வெளிவந்தன. கப்பல்களில் ஆபத்துக் காலத்தில் கொளுத்தும் ஒளிச் சமிக்ஞைக் குப்பிகளும் அவ்வப்போது கரை ஒதுங்கும். துருப்பிடித்த உலோகமோ மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவோ சந்தேகமாகத் தெரிந்தால் தொடாதீர்கள், காலால் புரட்டாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி வந்து 112-க்கோ, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ அழையுங்கள். கடலில் மிதந்து வந்தால் கடலோரக் காவல்படையின் 1554.

அப்படியானால் ஏன் இங்கே சோதிக்க வேண்டும்?

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டருக்குள்தான். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணப் பகுதிகளில் போர்க்காலத்து மிதிவெடிகள் இன்னும் எடுக்கப்பட்டு வருகின்றன. நாம் கண்ணிவெடி என்பதை அங்கே பெரும்பாலும் மிதிவெடி என்பார்கள். பல்லாண்டுகள் போர்முனையாக இருந்த முகமாலை அவற்றில் மிகக் கடினமான நிலம். ஆளைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி அகற்றி முடிக்க வேண்டிய கெடு 2028 ஜூன்.

அந்த நிலமும் நம் நிலமும் ஒரே சாயல்: வெள்ளை மணல், உடைந்த சிப்பி, பனங்காடு, உப்பேறிய தரவை, வாடைக்காற்றோடு வரும் மழை. ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் புல்வெளியில் நன்றாக நடந்த இயந்திரம் இந்த மணலில் பத்தடி போவதற்குள் தன் குறைகளையெல்லாம் காட்டிவிடும். இன்னொன்றும் உண்டு. அக்கரையில் முழங்காலிட்டு இந்த வேலையைச் செய்பவர்களில் ஏராளமானோர் தமிழர்கள், அவர்களில் பெண்களும் பலர். இங்கே தமிழில் எழுதும் இயக்கக் குறிப்பு அங்கே அப்படியே கைக்குப் போகும்.

ரோபோ மிதித்தால் வெடிக்காதா?

வெடிக்கும். "காலடி சிறியது, அதனால் தப்பித்துவிடும்" என்பதுதான் இந்தத் துறையைச் சுற்றி உலவும் மிகத் தவறான எண்ணம். கணக்கைப் பாருங்கள். ஆளைக் குறிவைக்கும் வெடிகளில் பல 5 முதல் 16 கிலோ அழுத்தத்துக்குள் இயங்குபவை. எளிதில் கிடைக்கும் சிறிய நாலுகால் ரோபோவின் எடை 15 கிலோ, சென்சாரும் கையும் 4 கிலோ, மொத்தம் 19. நாலு காலில் நிற்கும்போது ஒரு காலுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஒரு காலைத் தூக்கினால் சராசரி 6.3 ஆகிறது. எடையின் மையம் மூன்று கால் முக்கோணத்தின் ஓரத்துக்குப் போனால் இரண்டு கால்கள் ஆளுக்கு 9.5 கிலோ தாங்கும். துள்ளு நடையில் கால் தரையில் மோதும் கணத்தில் அது 14-ஐத் தாண்டும். 32 கிலோ எடையுள்ள ஸ்பாட் போன்ற பெரிய ரோபோவுக்குப் பேச்சே வேண்டாம்.

மிதித்தும் வெடிக்காமல் தப்ப வேண்டுமென்றால், ஆப்பிரிக்காவில் வெடி மோப்பத்துக்குப் பழக்கப்படும் பெருச்சாளிகளைப் போல ஒரு கிலோ சொச்சம் எடை இருக்க வேண்டும். தவிர, நிலத்தில் கிடப்பது புதுச் சரக்கு அல்ல. ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், மரப்பெட்டியில் செய்தவை உளுத்திருக்கும். எந்த எடையில் இயங்கும் என்று அட்டவணையை நம்பி அடி வைக்க முடியாது.

ஆகவே விதி ஒன்றுதான்: சென்சார் பார்த்து முடித்த மணலில் மட்டுமே கால் விழ வேண்டும். மற்ற வடிவமைப்பு எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

சக்கரம் அல்லது பட்டைச் சங்கிலி வண்டி போதாதா?

சமதளத்தில் போதும், மலிவும் கூட. ஆனால் சக்கரம் தொடர்ச்சியான ஒரு கோட்டைத் தொட்டே ஆகும். கால் தொடுவது தனித்தனிப் புள்ளிகளை. எந்தப் புள்ளி என்பதை நாம் தேர்ந்தெடுக்கலாம். இராவணன் மீசைப் புதர், அடப்பங்கொடி, வீழ்ந்த பனை, இடிந்த பதுங்குகுழி விளிம்பு ஆகியவற்றில் சக்கரம் சுற்றிப் போகத் தேடும்; கால் தாண்டிவிடும். கால் ரோபோவுக்கு இருக்கும் நியாயம் இவ்வளவே. வெட்டவெளி மணலுக்குக் கால் ரோபோ வாங்குவது வீண் செலவு.

இதற்கு முன் யாரெல்லாம் செய்திருக்கிறார்கள்?

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஷிகெயோ ஹிரோசே குழுவின் டைட்டன்-9 நாலுகாலில் நடந்து, ஒரு காலையே கையாக மாற்றிக் கருவி பிடிக்கும். சிபா பல்கலைக்கழகத்தின் காமெட் வரிசை ஆறு கால். ஸ்பெயினின் சைலோ-6-ம் அப்படியே, அதன் முன்னே சென்சாரை இருபுறமும் வீசித் தேடும் கை உண்டு. 1990-களில் அமெரிக்காவில் நண்டைப் பார்த்துச் செய்த ஏரியல், அலை புரளும் ஆழமற்ற நீரில் வெடி தேடுவதற்கானது. அலை கவிழ்த்தாலும் தலைகீழாகவே நடக்கும். மார்க் டில்டன் உருவாக்கிய பல கால் ரோபோ ஒன்று அரிசோனாவில் வெடியை வேண்டுமென்றே மிதித்து, ஒவ்வொரு காலாக இழந்து, மிச்சக் காலால் ஊர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரி மனம் தாங்காமல் சோதனையை நிறுத்தச் சொன்னார் என்று 2007-ல் செய்தி வந்தது.

மணல் நடையில் பெரிய முன்னேற்றம் 2023-ல் வந்தது. தென்கொரியாவின் கைஸ்ட் நிறுவனத்து ரைபோ கடற்கரை மணலில் விநாடிக்கு 3 மீட்டர் ஓடியது. ஆனால் நமக்கு வேண்டியது ஓட்டம் அல்ல. விநாடிக்கு 2 செ.மீ. நகர்ந்தாலும் போதும், சொன்ன இடத்தில் அடி விழ வேண்டும்.

எந்த சென்சார் இந்த மணலுக்கு ஏற்றது?

இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ராமநாதபுரம் கரையில் நூறு மீட்டருக்குள் மூன்று விதத் தரை வரும்.

மெட்டல் டிடெக்டர்தான் அடிப்படை. உலர்ந்த வெள்ளை மணலில் அது அமைதியாக வேலை செய்யும். ஓதம் ஏறி இறங்கும் ஈர மணலில் உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால் ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தும். சாயல்குடிக்குத் தெற்கே தேரிச் செம்மண்ணில் இரும்புத் தாது காரணமாக வேறு விதமாகக் கத்தும். உப்பு மண், தாது மண் இரண்டுக்கும் தனி நிலை உள்ள துடிப்புவகை (பல்ஸ் இண்டக்‌ஷன்) டிடெக்டரை எடுங்கள். தரை மாறும் ஒவ்வொரு எல்லையிலும் நிறுத்தி மறுபடி மண்ணுக்குச் சமன் செய்யுங்கள், அதாவது வெறும் மண்ணுக்குக் கத்தாதபடி டிடெக்டரைத் திருத்துங்கள். காலையில் ஒருமுறை செய்துவிட்டு நாள் முழுக்க ஓட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக் உடலையும் காட்டும் என்பார்கள். உண்மைதான், நிபந்தனையோடு. ரேடார் பார்ப்பது இரண்டு பொருள்களின் மின்காப்பு மாறிலிக்கு (ரேடியோ அலை ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதைக் காட்டும் எண்) இடையே உள்ள வேறுபாட்டை. காய்ந்த மணலுக்கு 3 முதல் 5. வெடிமருந்துக்கும் ஏறத்தாழ 3. வேறுபாடு சொற்பம் என்பதால் எதிரொலி மங்கும். மணல் நல்ல நீரில் லேசாக நனைந்திருந்தால் வேறுபாடு கூடி உருவம் தெளியும். கடல்நீரில் நனைந்தாலோ அலை சில செ.மீ. ஆழத்திலேயே செத்துவிடும். ஆக ரேடாருக்கு உகந்த இடம் ஓதக்கோட்டுக்கு மேலே உள்ள மணல்மேடு, உகந்த நேரம் மழை விட்ட சில நாள்கள். சித்திரை வெயிலிலோ தேவிபட்டினம் சேற்றிலோ ஓட்டிவிட்டு "ரேடார் வேலைக்கு ஆகாது" என்று முடிவு கட்டாதீர்கள்.

சென்சாரை ரோபோவில் எப்படி மாட்டுவது?

ரோபோவே ஓர் உலோகக் குவியல். டிடெக்டரின் முனையில் உள்ள காயிலின் (கம்பிச் சுருளின்) விட்டம் 25 செ.மீ. என்றால் ரோபோவின் அருகிலுள்ள உலோகத்திலிருந்து குறைந்தது 60-75 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். கைக்குக் கண்ணாடியிழைக் குழாய் நல்லது. கெட்டியான பிவிசி குழாயும் போதும், காய்ந்த மூங்கிலும் போதும். கார்பன் ஃபைபர் வேண்டாம்: இலேசு என்று வாங்குவார்கள், அது மின்சாரம் கடத்தும் பொருள், காயில் அசையும்போதெல்லாம் பொய் சிக்னல் தரும். காயில் பக்கத்து இணைப்புகளுக்கு நைலான் போல்ட், நைலான் நட்டு.

உயரம் உயிர்நாடி. காயிலின் அளவை விடத் தூரம் கூடினால், சிறு பொருளின் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் விழும்: தூரம் இரட்டித்தால் 64-ல் ஒரு பங்கு. எனவே தரையிலிருந்து 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் காயிலைப் பிடித்து வைக்க வேண்டும். ரோபோவின் உடல் ஒவ்வொரு அடிக்கும் 2-3 செ.மீ. ஏறி இறங்கும் என்பதால் கையில் இரண்டு மோட்டாராவது உயரத்தைச் சரிசெய்யத் தேவை. தரை உயரம் பார்க்க லேசர் தூரமானி போதும். புல் இருந்தால் அது புல்நுனியைத் தரை என்று சொல்லும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மோட்டார்களின் மின்னோசை இன்னொரு தொல்லை. நாலு காலும் ஊன்றி, அசைவு நின்ற பிறகே காயில் வீச வேண்டும். நடந்துகொண்டே வீசினால் வேகம் கூடும், நம்பகம் போய்விடும்.

நடையை எப்படி அமைப்பது?

ஊர்ந்து செல்லும் நடைதான்: எப்போதும் மூன்று கால் தரையில், ஒரு கால் மட்டும் காற்றில். வரிசை: வலப் பின், வலமுன், இடப் பின், இடமுன். தூக்குவதற்கு முன் உடலை மற்ற மூன்று காலின் முக்கோணத்துக்குள் நன்றாக நகர்த்துங்கள். விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே என்று வைத்துக்கொண்டால் மணல் சரிந்தாலும் தாங்கும். முன்கால் பதிந்த குழியிலேயே பின்கால் பதியட்டும். மிதிக்கும் இடங்களின் எண்ணிக்கை பாதியாகும், அந்தக் குழி ஏற்கெனவே அமுங்கிக் கெட்டியாகவும் இருக்கும்.

கடையில் வரும் 4 செ.மீ. ரப்பர் உருண்டைப் பாதம் உலர் மணலில் அமிழ்ந்துகொண்டே போகும். அதற்குப் பதில் 10 செ.மீ. வட்டத் தட்டு மாட்டினால் பரப்பு ஆறு மடங்கு கூடும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெட்டி, அடியில் ஹவாய் செருப்பு ரப்பரை ஒட்டலாம். விளிம்பை மேல்நோக்கி வளையுங்கள், இல்லையென்றால் மணலை வாரும். நடுவில் பந்துமூட்டு இருக்கட்டும். சேற்றுத் தரையில் தட்டு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், 6 மி.மீ. துளை எட்டுப் போட்டால் காற்று புகுந்து விடுபடும். பாதத் தட்டு வெடியிலிருந்து காப்பாற்றும் என்று மட்டும் எண்ண வேண்டாம். அது அமிழாமல் இருப்பதற்கே.

ரோபோ தான் எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறியும்?

மணலில் கால் வழுக்குவதால், காலை எண்ணித் தூரம் கணக்கிட்டால் உண்மையை விடக் கூடுதலாகவே காட்டும். கேமராவுக்கோ வெறும் மணலில் பிடித்துக்கொள்ள அடையாளம் இல்லை. 1-2 செ.மீ. துல்லியமுள்ள ஆர்டிகே ஜிபிஎஸ் (பக்கத்தில் நிலையாக வைத்த இன்னொரு கருவியின் திருத்தத்தைப் பெறும் ஜிபிஎஸ்) கட்டாயம். அதோடு 5 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி விடுங்கள்; ஜிபிஎஸ் பொய் சொன்னால் கண்ணால் பிடிக்க அதுதான் வழி. பனங்கூட்டத்துக்கு அடியில் பொய் சொல்லும்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பரப்பு?

1 மீட்டர் அகலத் தடம், 25 செ.மீ. காயில், ஒவ்வொரு முறையும் 10 செ.மீ. முன்னேற்றம் என்று கொள்ளுங்கள். ஒரு வீச்சுக்கு 4 விநாடி, அடிவைத்து அடங்க 4 விநாடி. பத்து முறை சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 80 விநாடி, மணிக்கு 45 சதுர மீட்டர். சிக்னல் வந்த இடங்களில் நின்று மறுபடி பார்ப்பதையும் சேர்த்தால் 30-35. பேட்டரியும் மணலில் விரைவாகத் தீரும். தயாரிப்பாளர் சொல்லும் நேரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். "10 செ.மீ.க்குப் பதில் 20 வைத்தால் இரட்டை வேகம்" என்று தோன்றும். காயிலின் ஓரத்தில் உணர்திறன் குறைவு. ஆழத்தில் கிடப்பது இரண்டு வீச்சுக்கும் நடுவே தப்பிவிடும்.

சோதனைத் திடலை எப்படித் தயாரிப்பது?

20 மீட்டருக்கு 10 மீட்டர் போதும். முதலில் அந்த நிலத்தைக் கையால் டிடெக்டர் கொண்டு சுத்தம் செய்யுங்கள். தூண்டில் முள், வலையின் ஈயக் குண்டு, படகு ஆணி, சோடா மூடி எல்லாம் வரும். தனுஷ்கோடிப் பக்கம் 1964 புயலில் அழிந்த ரயில் பாதையின் இரும்புத் துண்டுகளும் வரலாம்.

போலி இலக்குக்கு 75 மி.மீ. பிவிசி மூடிகள் இரண்டை எதிரெதிராகப் பொருத்தி, உள்ளே சிலிக்கான் ரப்பர் ஊற்றுங்கள். அதன் மின்காப்பு மாறிலி வெடிமருந்துக்கு நெருக்கம்; மெழுகு மலிவு, ஆனால் சற்றுக் குறைவு. ஒரு கிராம் அளவு பேனா ஸ்பிரிங்கை உள்ளே வைத்தால் குறைந்த உலோகமுள்ள வகைக்கு ஈடாகும். ஒவ்வொன்றிலும் எண்ணும் "போலி – சோதனைப் பொருள்" என்ற எழுத்தும் அழியாதபடி இருக்கட்டும். 0, 5, 10, 13 செ.மீ. ஆழங்களில் புதையுங்கள், 13 செ.மீ. என்பது மனிதாபிமான அகற்றும் பணியில் பரவலாகக் கொள்ளப்படும் ஆழம்.

புதைத்த மறுநாளே ஓட்டாதீர்கள். தோண்டிய மணலின் ஈரமும் நெகிழ்வும் மாறியிருப்பதால் ரேடார் இலக்கையல்ல, குழியைத்தான் காணும். குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மழை பொறுங்கள். இலக்கே இல்லாத வெறுங்குழிகளும் சம எண்ணிக்கையில் தோண்டி மூடுங்கள். புதைப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு. இடக்குறிப்பு ஓட்டுபவர் கையில் இருக்கக் கூடாது. முடிந்ததும் எண்ணிப் பார்த்து அத்தனையையும் எடுத்துவிட வேண்டும். ஒன்று விட்டுப்போய் பின்னால் யாராவது கண்டெடுத்தால் ஊரே பதறும்.

எப்போது, எங்கே, யாரிடம் சொல்லிவிட்டு?

தை முதல் பங்குனி வரை காற்றும் மழையும் ஒத்துழைக்கும், ஆனால் அதுவே பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) முட்டையிடும் பருவம். வனத்துறையிடம் கேட்டு, ஆமை ஏறாத இடமாகப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கவே கூடாது. ஆடிக் கச்சான் காற்றில் மணல் பறந்து கேமராவை மூடும். ஐப்பசி, கார்த்திகையில் திடலே குளமாகும். உள்ளூர்க் காவல் நிலையம், கடலோரப் பாதுகாப்புக் குழுமம், ஊராட்சி, மீனவர் சங்கம் எல்லாருக்கும் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். "வெடி தேடுற மெஷின்" என்ற சொல் மட்டும் காற்றில் போனால் போதும், மாலைக்குள் வதந்தி வேறாகிவிடும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் உள்ளதால் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம். சாட்டிலைட் போன் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

விடியலில் தொடங்கி ஒன்பதரைக்குள் முடியுங்கள். மதியம் மணலின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

உப்பும் மணலும் எதைக் கெடுக்கும்?

முதலில் முழங்கால் மூட்டு. பட்டை அல்லது பல்சக்கர இடுக்கில் மணல் ஏறி அரைக்கும். சத்தம் மாறுவதே முதல் அறிகுறி. நீச்சலுடைத் துணியில் உறை தைத்து இரு பக்கமும் இறுக்கிக் கட்டினால் பெருமளவு தப்பும். அடுத்து இணைப்பான்கள். உப்புக்காற்றில் பச்சை பூக்கும். மின்காப்பு கிரீஸ் தடவி மூடுங்கள். திருகுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குழாயைத் திறந்து பீய்ச்சினால் உப்புநீரை நாமே உள்ளே தள்ளுவதாகும்.

உள்ளே சிக்கிக்கொண்டால், அல்லது வெடியில் சிதறினால்?

உண்மையான கண்ணிவெடி நிலத்தில் நின்றுபோன ரோபோவை எடுக்க ஒரு மனிதர்தான் தடம் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். அதனால் பின்புறம் 50 மீட்டர் நைலான் கயிறு கட்டுங்கள். பார்த்து முடித்த தடத்தின் வழியே மட்டும், நேராக இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் இடறுகம்பியில் மாட்டும்.

சிதறினால் நட்டம் ரோபோவோடு நிற்காது. நூற்றுக்கணக்கான திருகும் செப்புக்கம்பியும் காந்தத் துண்டும் பரவி, ஒவ்வொன்றும் இனி ஒரு சிக்னல். ஒவ்வொரு சிக்னலையும் ஒருவர் முழங்காலிட்டுத் தோண்டியே ஆக வேண்டும். "மனிதனுக்குப் பதில் மெஷின் போகட்டும், வெடித்தால் வெடிக்கட்டும்" என்பது அந்த மனிதர்களின் வேலையைக் கூட்டும் பேச்சு.

தோண்டி எடுப்பதையும் ரோபோவே செய்யுமா?

இப்போதைக்குச் செய்ய வைக்க வேண்டாம். இலங்கை மணலில் இரும்புப் பல் வைத்த வாரியால் அடுக்கடுக்காக மணலை வாரி, வெடியைப் பக்கத்திலிருந்து வெளிப்படுத்தும் முறை கைத்தேர்ச்சியால் நன்றாக நடக்கிறது. ரோபோவின் கைக்கு அந்த மென்மை இன்னும் வரவில்லை. குறித்துக் கொடுப்பதோடு அது நிற்கட்டும்: சிக்னல் வந்த இடத்தில் வண்ணப்பொடி தூவட்டும், பக்கத்தில் முளை ஊன்ற வேண்டாம்.

எதைப் பதிவு செய்ய வேண்டும்?

நிலத்தை 5 செ.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள், சதுர மீட்டருக்கு 400 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் காயில் கடந்த நேரம், அப்போதைய உயரம், சிக்னல் அளவு. உயரம் 6 செ.மீ.க்கு மேல் போயிருந்தாலோ ஜிபிஎஸ் தடுமாறியிருந்தாலோ அந்தக் கட்டம் "பார்க்கவில்லை" என்று சிவப்பாக வேண்டும். எத்தனை இலக்கு கிடைத்தது என்பதை விட, எந்தக் கட்டம் பார்க்கப்படாமல் போனது என்று கூசாமல் சொல்வதே இந்த ரோபோவின் தலையாய வேலை. களைத்துப்போன மனிதக் கைக்கு எதை விட்டோம் என்று தெரியாது. இயந்திரத்துக்குத் தெரிய முடியும்.

30 இலக்கில் 30-ஐயும் கண்டது. நூறு சதவீதம் என்று எழுதலாமா?

கூடாது. ஒன்றுகூடத் தவறாமல் 30-ஐக் கண்டால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது "90 சதவீதத்துக்குக் குறையாது" என்பது மட்டுமே. அதாவது ஏறத்தாழ பத்தில் ஒன்று தப்பும் வாய்ப்பை இந்தச் சோதனை மறுக்கவில்லை. 99.6 சதவீதம் என்று எழுத வேண்டுமானால், ஒன்றுகூடத் தவறாமல் சுமார் 750 இலக்குகளைக் கண்டிருக்க வேண்டும். 25 இலக்குள்ள திடலில் அது 30 ஓட்டம், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிப் புதைத்து. இலக்கின் ஓரத்திலிருந்து 10 செ.மீ.க்குள் குறித்தால் மட்டும் "கண்டது". அதற்கு வெளியே விழுந்த குறி பொய் சிக்னல் கணக்கில் சேரும். அறிக்கையில் நான்கு எண்கள் போதும்: கண்டது, தப்பியது, சதுர மீட்டருக்குப் பொய் சிக்னல், பார்க்காத பரப்பு. அந்தத் திடலின் மண்ணும் ஈரமும் தேதியும் பக்கத்தில் இருக்கட்டும். உலர் மணலில் எடுத்த எண்ணை ஓதக்கரைக்குக் கொண்டுபோக முடியாது.